பாதாளக் கரண்டிக்கு ஒரு ஈடு

வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துக்கட்டுவது என்று முடிவு செய்யும் வேலையைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்யக் கூடாது. ஒருத்தர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இன்னொருத்தர் சத்தமில்லாமல் செய்து முடித்துவிட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்தால் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. என் விஷயத்தில் அது போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற படகுத்துறையில், ஒரு போட் நிறைய ஆட்கள் வேடிக்கை பார்க்க நடுவெளியில் போய் முடிந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்க வீட்டுக்காரர் அரசாங்கத்தில் ஓவர்சியர். (பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பழக்கம், இப்போது மாற்றிக்கொண்டால் நாக்கு சுளுக்கிவிடும்.) அவர் முன்னாலேயே அந்தமானுக்குப் போய்விட்டார். வீடு கிடைத்ததும் நான் மெட்ராசில் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தேன். கூடவே வந்த சாமான்களைப் பார்த்து அவருக்கு மயக்கம் வராத குறை. இடியாப்ப உரல், திரிகை, குழிப்பணியாரச் சட்டி, தேங்காய்த் துருவி, அரிவாள்மனை இரண்டு, இவற்றோடு ஒரு பாதாளக் கரண்டி.

கிணற்றைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கயிறு அறுந்து வாளியோ குடமோ கிணற்றுக்குள் போய்விட்டால் அதை மேலே கொண்டுவரும் இரும்புச் சாமான்தான் பாதாளக் கரண்டி. ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் கொக்கிகள், அவ்வளவுதான். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் ஏதாவது ஒரு கொக்கியில் வாளிக் காது மாட்டும். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இது இருக்கும். எங்கள் தெருவில் எங்கள் வீடு. வருஷத்தில் நாலு தடவை யாராவது இரவல் கேட்டு வருவார்கள். வெறுங்கையோடு வந்தால் கொடுக்க மாட்டோம். ஒரு செம்போ, குண்டானோ, ஏதாவது ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சும்மா கொடுத்தால் கொடுத்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஜன்னல் மேடையில் எப்போதும் அடுத்த வீட்டுச் செம்பு ஒன்று உட்கார்ந்திருக்கும்.

அதை எதற்காக அந்தமானுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்றால், வங்காள விரிகுடாவுக்கு நடுவே ஒரு தீவில் குடித்தனம் என்றதும் அங்கே தண்ணீருக்கு வாளி இருக்கும், வாளி இருந்தால் விழும் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் எங்கள் குவார்ட்டர்சில் குழாய். சுற்றுவட்டாரத்தில் ஒரு கிணறு கிடையாது. வாளி விழுந்தால் முழங்கால் உயரத்திலிருந்துதான் விழும்.

சரி, கிணறுதான் இல்லை, புருஷனாவது இருப்பார் என்றால், நான் வந்து இறங்கிய மறுமாதமே அவரை லிட்டில் அந்தமானில் ஹட் பேக்கு மாற்றிவிட்டார்கள். அப்போதுதான் அங்கே காட்டைத் திருத்தி ஜனங்களைக் குடியேற்ற ஆரம்பித்திருந்த நேரம். குடும்பத்தோடு தங்க இடமில்லை. நான் போர்ட் பிளேரில் தகரக்கூரை வீட்டில் இருக்க, அவர் போட் கிடைக்கும்போது வந்து போவார். பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மா, நான் தீதி என்று கூப்பிடுவேன், அவர் மட்டும்தான் துணை. பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுவதில் தீதி கெட்டிக்காரி. அவரோடு வாசலில் நின்று நின்று எனக்கு இந்தியில் காய்கறிப் பெயர்களும் பாத்திரத்துக்கு 'பர்த்தன்' என்பதும் மனிதனுக்கு 'ஆத்மி' என்பதும் படிந்துவிட்டன. பிற்பாடு நான் கவிழ்ந்ததற்கு இந்த இரண்டு வார்த்தைகளே போதுமானதாக இருந்தன.

அந்த வருஷம் மே மாதம் அவருக்குப் பத்து நாள் லீவு. மழை பிடிப்பதற்கு முன்னால் வருகிற கடைசி லீவு. மழை பிடித்துவிட்டால் ஹட் பேக்குப் போக்குவரத்து நின்ற மாதிரிதான். அங்கே அப்போது ஜெட்டி கிடையாது, போட்டைத் தள்ளி நிறுத்திவிட்டு டிங்கி என்கிற சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும், அலை எழும்பினால் டிங்கியை இறக்க முடியாது. ஆக, இந்தப் பத்து நாளை விட்டால் இனி எப்போது பார்ப்போமோ என்ற நிலை. அவரிடம் சொல்வதற்கென்று மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் வந்து வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோய் "சாப்பிட்டீகளா?" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

வந்த மனிதர் என்ன செய்தார்? வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். ஹட் பேயில் வீடு கிடைத்தால் டிங்கியில் ஏற்றுகிற அளவுதான் சாமான் இருக்க வேண்டுமாம். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வருஷம் கை படாத சாமான் வீட்டில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து விசாரணை நடத்துவார்.

"இதக் கடைசியா எப்பத் தொட்ட?"

திரிகை அப்படித்தான் தீதி வீட்டுக்குப் போனது. இரண்டாவது அரிவாள்மனை யார் வீட்டுக்கோ போனது. பணியாரச் சட்டியை மட்டும் அன்று சாயங்காலமே பணியாரம் சுட்டுக் காப்பாற்றினேன். சபதம் மாதிரி மூன்று ஈடு சுட்டேன், தின்றுவிட்டுத் தூங்கிவிட்டார். வீட்டிலேயே அபூர்வமாகக் கை படுகிற சாமான் எது என்று கேட்டால் அது அவர்தான், அவர் சட்டப்படி முதலில் வெளியேற வேண்டியவர் அவரேதான் என்று அடுப்படியில் நின்று முணுமுணுத்தேன். நேரே சொல்லத் தைரியமில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

கடைசியில் விசாரணை பாதாளக் கரண்டிக்கு வந்தது. "என்னைக்காச்சும் உதவும்ங்க" என்றேன். கிணறே இல்லாத ஊரில் என்றைக்கு உதவும் என்று கேட்டார். கிணறு வெட்டினால் உதவும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அபர்டீன் பஜாரில் பழைய இரும்பு வாங்கும் கடை இருந்தது. கிளம்புகிற அன்று போகிற வழியில் அதில் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அவர், சாக்கில் கட்டித் தூக்கியது நான்.

அன்றைக்கு அந்தக் கடை திறக்கவில்லை. போட்டுக்கு நேரமாகிவிட்டதால் சாக்கோடு ஜெட்டிக்குப் போய்விட்டோம்.

வழக்கமான கப்பல் ரிப்பேரில் இருந்தது. ஹட் பேக்கு அரிசி கொண்டுபோகும் ஒரு காண்ட்ராக்டரின் மர லாஞ்சில்தான் ஆட்களும் ஏறியிருந்தார்கள். எங்க வீட்டுக்காரர் படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். நான் ஜெட்டியில் சாக்கோடு நின்றேன். பத்து நாளும் போய்விட்டது, நாங்கள் அடுக்கிய சாமான் அதிகம், பேசிய பேச்சு குறைவு. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன்.

அந்த லாஞ்சின் எஞ்சினை ஒரு இரும்பு ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், பழைய லாரி மாதிரி. எஞ்சின் பையன் ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டே யாரோடோ பேசினான், கை வழுக்கியது, ஹேண்டில் போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் கடலுக்குள் போய்விட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் இந்தியில் பேசினார்கள். போட்டை ஓட்டும் செராங், நரைத்த தாடிக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார். போட் வேலைக்காரக் கலாசி ஒருவன் இறங்கி முங்கிப் பார்த்துவிட்டுச் சேறும் கையுமாக வந்து ஒன்றும் தெரியவில்லை என்றான். மறுபடி இறங்கப் போனவனிடம் யாரோ போன வாரம் இந்தப் பக்கம் முதலை பார்த்ததாகச் சொல்ல, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டான். வேறு ஹேண்டில் கிடையாது. இப்போது விட்டால் ஏற்றத் தண்ணீர் இறங்கிவிடும், மேகம் வேறு கட்டுகிறது, இனி அலை அடங்கினால்தான் பயணம் என்று பக்கத்தில் நின்ற தமிழ் ஆள் எனக்கு விளக்கினார்.

எனக்கு ஹட் பே ஜனங்களின் அரிசியைப் பற்றிய கவலை ஒரு துளியும் வரவில்லை. கடல் மாதாவே, உனக்குத் தேங்காய் உடைக்கிறேன், அதை அங்கேயே வைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். அலை அடங்க ஒரு வாரமாகும், பத்து நாளாகும், சாமான் எல்லாம் ஏற்கெனவே கழித்தாயிற்று, இந்தத் தடவை உட்கார்ந்து பேச நேரமிருக்கும். ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்பது வரைக்கும் போய்விட்டேன்.

அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும். படுக்கைமேல் உட்கார்ந்திருந்தவரிடம் அந்தத் தமிழ் ஆள், உங்க வீட்டம்மா சாக்கில் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டார்.

"அதுவா? ஒண்ணுத்துக்கும் ஆகாத பழைய இரும்புங்க. எடைக்குப் போடணும்."

போட்டில் நாலு பேர் சிரித்தார்கள். ஒன்றுக்கும் ஆகாததா? எங்கள் தெருவே கைகட்டி வந்து இரவல் வாங்கிய சாமான். என் காலடியில் பத்தடித் தண்ணீரில் அதற்கென்றே ஒரு ஹேண்டில் விழுந்து கிடக்கிறது. ஒன்றுக்கும் ஆகாததாம்! அந்த ஒரு நொடியில் எனக்குப் புருஷன் மறந்துபோய்விட்டார், வழக்கில் ஜெயிப்பது மட்டும்தான் முன்னால் நின்றது. சாக்கைத் திறந்து செராங்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"ஹமாரா பாஸ் பாதாள் கா சம்மச் ஹை" என்றேன்.

பாதாளத்துக்கு பாதாள், கரண்டிக்கு சம்மச். எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பு அவ்வளவுதான். பாதாளத்து ஸ்பூன் ஒன்று வைத்திருக்கிறேன் என்று ஒரு சின்னப் பெண் சொன்னதைக் கேட்டு ஜெட்டியே சிரித்தது. செராங் மட்டும் கொக்கிகளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினார்.

கொடுத்துவிட வேண்டியதுதானே. கொடுக்கவில்லை. ஈடு வாங்காமல் கரண்டி வாசல் தாண்டியதாக எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே கிடையாது. ஈடுக்கு இந்தி தெரியாது. "ஹம் சம்மச் தேகா, தும் க்யா தேகா?" என்று கேட்டேன். நான் ஸ்பூன் தருகிறேன், நீ என்ன தருவாய்? செராங் நான் காசு கேட்பதாக நினைத்துப் பைக்குள் கை விட்டார். காசு வேண்டாம், திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் ஏதாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். தமிழ் ஆள் அதை இந்தியில் சொன்னார். கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு எங்க வீட்டுக்காரரைக் காட்டினார்.

"தோ அப்னா ஆத்மி ரக் லோ, பேஹன். சம்மச் வாபஸ், ஆத்மி வாபஸ்."

உன் ஆளையே வைத்துக்கொள் தங்கச்சி, ஸ்பூன் திரும்பி வந்ததும் ஆளைத் திருப்பிக் கொடு. மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை, முழுசாகப் புரிந்தது. போட் முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் எழுந்து, படுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இறங்குகிற பலகைமேல் ஒரு காலை வைப்பது தெரிந்தது. மானத்தை வாங்குகிறாயே என்று திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, ஜெட்டியின் கடைசிவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஆத்மி நஹி. பர்த்தன் சாஹியே."

ஆள் வேண்டாம், பாத்திரம் வேண்டும்.

அவர் கால் பலகையிலிருந்து பின்னால் போனது. செராங் சமையல்காரனிடம் ஏதோ சொல்ல, சோறு வடிக்கும் அலுமினிய டேக்சா ஒன்று கைமாறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு கல்யாணக் கோஷ்டிக்குச் சமைக்கலாம், அவ்வளவு பெரியது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெட்டி விளிம்பில் மண்டியிட்டு, கலாசி கொடுத்த கயிற்றில் கட்டிக் கரண்டியை இறக்கினேன். முதலில் ஒரு கிழிந்த வலை வந்தது. பிறகு ஒற்றைச் செருப்பு. அடுத்தது துருப்பிடித்த சங்கிலித் துண்டு, அதில் தொங்கிக்கொண்டு கோபமாக ஒரு நண்டு. ஒவ்வொன்றுக்கும் போட்டில் கைதட்டினார்கள். கடைசியாகக் கயிற்றில் அந்த இறுக்கம் தெரிந்தது. கிணற்றில் குடம் மாட்டும்போது உள்ளங்கைக்குத் தெரியுமே, அதே இறுக்கம். மெதுவாக இழுத்தேன், ஹேண்டில் வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் அவசரம். கலாசி குனிந்து ஹேண்டிலைப் பிடித்தான். அதன் வளைவுக்குள் இரண்டு கொக்கிகள் பின்னிக்கொண்டிருந்தன, கழற்றிக்கொண்டிருக்க நேரமில்லை என்று கரண்டி, கயிறு எல்லாவற்றையும் சேர்த்து எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. செராங் ஜெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். நான் கைதட்டல் வாங்கிய பெருமையில் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தேன். போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் தண்ணீர் அகலமாவதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் ஓரத்தில் நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கில் ஜெயித்தேன். புருஷனும் போனார், கரண்டியும் போனது. டேக்சாவைத் தலையில் வைத்துக்கொண்டு அபர்டீன் பஜார் வழியாக வீட்டுக்கு நடந்தேன். தீதி பார்த்துவிட்டு, புருஷனைக் கொடுத்து இதை மாற்றினாயா என்று கேட்டார். பாத்திரம் மாற்றுவதில் அனுபவஸ்தர், ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டு நாளில் மழை பிடித்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவருக்காக ஏங்கினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் அந்த டேக்சாவை வைத்தேன், அதிலும் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. ராத்திரி சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஜெட்டியில் அவர் கத்தியது என்னவாக இருக்கும் என்று யோசிப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றிருப்பார். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றிருப்பார். ஒவ்வொரு நாளும் அவர் வாயில் ஒரு வசனத்தை வைத்துப் பார்ப்பேன், நாளாக ஆக வசனம் நன்றாகிக்கொண்டே வந்தது.

தீதி துர்கா பூஜைக்குப் புதுச்சேலை எடுத்த சமயத்தில்தான் வந்து சேர்ந்தார். கறுத்து இளைத்திருந்தார். இந்தத் தடவை "சாப்பிட்டீகளா" வரவில்லை. அன்னைக்கு போட்டுலேருந்து என்ன சொன்னீக என்று நேராகக் கேட்டேன்.

"டேக்சாவுல பாதிக்கு மேல ஊத்தாதன்னு சொன்னேன். ஓட்டையாமுல்ல. சமையக்காரன் சொன்னான்."

அவ்வளவுதானா என்று என் முகம் விழுந்துபோனதைப் பார்த்திருப்பார் போல. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அதுக்கு முந்தியே, ஆள வச்சுக்கன்னு அந்தக் கெழவன் சொன்னவொடன நான் எறங்கிட்டேன். படுக்கையோட எறங்குனேனே, பாக்கலையா? நீதான் பாத்திரம் வேணும்னுட்ட."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பத்து நாளும் ஏன் அப்படிச் சாமானைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள் என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்தால் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று எண்ணத் தோன்றியது, அதனால்தான் என்றார். எல்லோரும் இறங்காமல் போட்டிலேயே இருந்தபோது அவர் மட்டும் ஜெட்டியில் நின்றிருந்தால், அந்த அவசரத்தில் செராங் அவரை விட்டுவிட்டுத்தான் போயிருப்பார். மழைக்காலம் முழுவதும் எனக்கே எனக்கு.

பாதாளக் கரண்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஹட் பேயில் புதுக்கிணறு வெட்டியிருந்தார்களாம். ஆளாளுக்கு வாளியைத் தவறவிட, கரண்டிக்கு அங்கே ஏக மரியாதை. இவர் ஈடு எதுவும் வாங்காமல் வாரி வழங்கியிருக்கிறார். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்து கரண்டியே கிணற்றுக்குள் போய்விட்டது. "கரண்டி போட்டு எடுத்துருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். "எந்தக் கரண்டி?" என்றார்.

டேக்சாவைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லாமல் போனது. கரண்டி திரும்பாமல் ஈட்டைக் கொடுக்கக் கூடாது. செராங்கும் வேறு போட்டுக்குப் போய்விட்டார், யாரும் கேட்டு வரவில்லை. அடுத்த வருஷம் நாங்கள் ஹட் பேக்குக் குடிபோனபோது அது டிங்கியில் எங்களோடு வந்தது. பிறகு போர்ட் பிளேருக்கே திரும்பியபோதும் வந்தது. ஓட்டை டேக்சாவை எதற்கு வைத்திருக்கிறீர்கள், உங்கள் சட்டம் என்னவாயிற்று என்று கேட்டால், வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைப்பார். "தொட்டாச்சு. இன்னும் ஒரு வருஷம்" என்று சொல்லித் திரும்ப ஏற்றிவிடுவார். அக்கம்பக்கத்தில் யாராவது ஏணியோ உரலோ இரவல் கேட்டு வந்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும், "ஆத்மியா, பர்த்தனா? கேட்டு வாங்கிக்க." எங்கள் மகள் செல்விக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி தெரியும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு "பர்த்தன்தான்" என்று சொல்ல வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும். அதுதான் முறை.

அவர் போய் இது மூன்றாவது பொங்கல். செல்வி என்னைத் தன்னோடு கூட்டிப்போகிற யோசனையில் வீட்டை ஒழிக்க வந்திருந்தாள். அப்பாவுக்குத் தப்பாத மகள். ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியாக எப்போது தொட்டாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டேக்சாவை எடுத்ததும் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"ஆத்மியா, பர்த்தனாம்மா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் வெட்கப்படவில்லை.

"ஆத்மி" என்றேன்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. துப்பட்டா முனையால் டேக்சாவை உள்ளேயும் வெளியேயும் நிதானமாகத் துடைத்தாள். அப்புறம் அவர் சொல்கிற மாதிரியே, "தொட்டாச்சு. இன்னும் ஒரு வருஷம்" என்று சொல்லிப் பரணில் திரும்ப வைத்துவிட்டாள்.